விண்ணைக் கனவு கண்டு கடலுக்குள் இறங்கியவர்: ஆர்தர் சி. கிளார்க்



இன்று மாலை காய்ந்த துணியை எடுக்க மொட்டை மாடிக்குப் போனால், ஒரு நிமிடம் நின்று அங்கே இருக்கும் டிஷ் ஆன்டெனாக்களைப் பாருங்கள். வீட்டுக்கு ஒன்றாக நிற்கின்றன. ஒவ்வொன்றும் வானத்தில் ஒரு புள்ளியையே பார்த்துக்கொண்டிருக்கிறது. குரங்கு ஏறி ஆட்டிவிட்டாலும், மலைக்காற்றில் சற்றுத் திரும்பிவிட்டாலும் படம் போய்விடும். ஆளைக் கூப்பிட்டு மறுபடியும் அதே புள்ளிக்குத் திருப்பி வைக்கிறோம். அந்தப் புள்ளியில், தரையிலிருந்து சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில், ஒரு செயற்கைக்கோள் அசையாமல் நிற்பதுபோல் நிற்கிறது.

அப்படி நிறுத்தி, அதன் வழியாக உலகம் முழுவதும் செய்தி அனுப்பலாம் என்று 1945-லேயே கணக்குப் போட்டு எழுதியவர் ஆர்தர் சி. கிளார்க். விண்வெளிக் கதைகளை எழுதிய எழுத்தாளராகத்தான் உலகம் அவரை அறியும். ஆனால் இந்த இதழில் உங்களுக்குச் சொல்ல நினைப்பது அவருடைய இன்னொரு வாழ்க்கையை. விண்ணுக்குப் போக ஆசைப்பட்ட அந்த மனிதர், தம் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கடலோரத்தில் கழித்தார். கடலுக்கு அடியில் நீந்தினார், பார்த்ததைப் புத்தகங்களாக எழுதினார். அதுவும் எங்கே? நமக்கு அக்கம்பக்கத்து நாடான இலங்கையில்.

ராயகிரியில் இருக்கும் நமக்கு மேற்கே எழுந்தவுடன் தெரிவது மலை. கடல் பார்க்க வேண்டுமென்றால் தூத்துக்குடிக்கோ திருச்செந்தூருக்கோ வண்டி ஏற வேண்டும். அதனால் என்ன? கிளார்க்கும் கடற்கரையில் படகோட்டி வளர்ந்தவர் அல்லர். பண்ணை வீட்டுப் பிள்ளைதான்.

பண்ணை வீட்டுச் சிறுவன்

1917 டிசம்பர் 16 அன்று இங்கிலாந்தின் சாமர்செட் மாவட்டத்தில் மைன்ஹெட் என்ற ஊரில் பிறந்தார். அப்பாவும் அம்மாவும் தபால் துறையில் வேலை பார்த்தவர்கள். முதல் உலகப் போருக்குப் பிறகு அப்பா விவசாயத்தில் இறங்கினார். ஆர்தருக்கு 13 வயது இருக்கும்போது அப்பா இறந்துபோனார். நான்கு பிள்ளைகளையும் பண்ணையையும் அம்மா ஒருவரே பார்த்துக்கொள்ள வேண்டிய நிலை.

அந்த வீட்டில் மூத்த பிள்ளையான ஆர்தர், கற்களில் பதிந்த பழைய உயிரினங்களின் எச்சங்களைப் பொறுக்கிச் சேர்த்தார். அமெரிக்காவிலிருந்து வந்த மலிவு விலை அறிவியல் கதைப் பத்திரிகைகளைத் தேடித் தேடிப் படித்தார். தாமே ஒரு தொலைநோக்கி செய்து, இரவில் நிலாவைப் பார்த்து அதன் மேடுபள்ளங்களைப் படமாக வரைந்தார்.

கல்லூரிக்கு அனுப்ப வீட்டில் பணம் இல்லை. 1936-ல் லண்டனுக்குப் போய் அரசு அலுவலகத்தில் ஓய்வூதியக் கணக்குகளைத் தணிக்கை செய்யும் வேலையில் சேர்ந்தார். பகலில் கணக்குப் புத்தகம். மாலையில் பிரிட்டிஷ் கோளிடைப் பயணச் சங்கம் என்ற சிறு குழுவில் நண்பர்களோடு ராக்கெட் பற்றிய விவாதம். மனிதன் நிலாவுக்குப் போவான் என்று அன்றைக்குச் சொன்னால் ஊர் சிரிக்கும். அந்தச் சிரிப்பைப் பொருட்படுத்தாதவர்கள் சேர்ந்த சங்கம் அது. பின்னாளில் கிளார்க் அதன் தலைவராகவும் இருந்தார்.

இரண்டாம் உலகப் போரில் விமானப் படையில் சேர்ந்தார். மூடுபனியில் தரை தெரியாமல் தவிக்கும் விமானங்களை ரேடார் உதவியால் பத்திரமாகத் தரையிறக்கும் புதிய முறையில் அவருக்குப் பணி. அந்த நாட்களில்தான், 1945 அக்டோபரில், ஒரு வானொலித் தொழில்நுட்பப் பத்திரிகையில் நாம் மேலே சொன்ன கட்டுரை வெளிவந்தது. நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே, அந்தக் குறிப்பிட்ட உயரத்தில் சுற்றும் பொருள் பூமியைச் சுற்றிவர எடுத்துக்கொள்ளும் நேரமும், பூமி தன்னைத்தானே சுற்றும் நேரமும் ஒன்றாகிவிடும். அதனால் கீழே இருந்து பார்த்தால் அது ஒரே இடத்தில் நிற்பதுபோல் தெரியும். அப்படி மூன்றை நிறுத்தினால் உலகம் முழுவதையும் இணைத்துவிடலாம். இதுதான் கட்டுரையின் சாரம். அப்படி ஒன்று உண்மையில் வானத்தில் நிலைகொள்ள 1964 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இன்று அந்தப் பாதைக்கே கிளார்க் சுற்றுப்பாதை என்ற பெயரும் உண்டு.

போர் முடிந்து, தம் 30 வயதை ஒட்டி, லண்டன் கிங்ஸ் கல்லூரியில் இயற்பியலும் கணிதமும் படித்து முதல் வகுப்பில் தேறினார். 1951-ல் விண்வெளிப் பயணத்தைப் பொதுமக்களுக்கு விளக்கி அவர் எழுதிய புத்தகம் நன்றாக விற்றது. அதன் பிறகு எழுத்தே தொழில் ஆயிற்று.

கடல் எப்படி வந்தது?

விண்வெளியில் எடை தெரியாது. கை கால் மிதக்கும், மேல் கீழ் என்ற வேறுபாடு மறைந்துபோகும். அதை அனுபவிக்க கிளார்க் துடித்தார். ஆனால் 1950களின் தொடக்கத்தில் எந்த நாட்டிடமும் மனிதனை ஏற்றிச் செல்லும் விண்கலம் இல்லை. அது தமக்குக் கிட்டும் என்ற உறுதியும் இல்லை. அதற்கு மிக நெருக்கமான அனுபவம் பூமியிலேயே ஓரிடத்தில் கிடைக்கும் என்று கண்டுகொண்டார். அந்த இடம் தண்ணீருக்கு அடி.

நீங்கள் கிணற்றில் குதித்து நீந்தியவராக இருந்தால் இது எளிதில் புரியும். தண்ணீர் உடலை மேலே தள்ளுகிறது, உடலின் எடை கீழே இழுக்கிறது. இடுப்பில் கொஞ்சம் ஈயக் கட்டிகளைக் கட்டி இரண்டையும் சரிசமமாக்கிவிட்டால் மேலேயும் போகாமல் கீழேயும் போகாமல் அந்தரத்தில் நிற்கலாம். பிற்காலத்தில் விண்வெளி வீரர்களைப் பெரிய நீர்த்தொட்டிகளில் இறக்கிப் பயிற்சி கொடுத்ததும் இதே காரணத்துக்காகத்தான்.

கடலுக்கு அடியில் போவது நம் ஆட்களுக்குப் புதிதல்ல. தூத்துக்குடியிலும் மன்னார் வளைகுடாவிலும் முத்துக்கும் சங்குக்கும் குளித்தவர்கள் எத்தனையோ தலைமுறையாக மூச்சை அடக்கிக்கொண்டு, காலில் கல்லைக் கட்டி இறங்கியவர்கள். ஆனால் ஒரு மூச்சு எவ்வளவு நேரம் தாங்கும்? ஓரிரு நிமிடம்தான். 1943-ல் பிரான்சில் ஜாக் கூஸ்தோவும் எமில் கன்யானும் சேர்ந்து செய்த அக்வாலங் என்ற மூச்சுக் கருவி இந்த நிலையை மாற்றியது. முதுகில் அழுத்தமான காற்று அடைத்த உருளை. வாயில் ஒரு குழாய். மூச்சை இழுக்கும்போது மட்டும், எந்த ஆழத்தில் இருக்கிறோமோ அந்த ஆழத்தின் அழுத்தத்துக்குச் சமமாகக் காற்றைத் திறந்துவிடும் ஒரு வால்வு. பத்து மீட்டர் இறங்கினாலே உடல் மேல் இருக்கும் அழுத்தம் இரட்டிப்பாகும் என்பதால் அந்த வால்வுதான் கருவியின் உயிர்நாடி.

கிளார்க் இந்தக் கருவியோடு நீந்தப் பழகினார். லண்டனில் அறிமுகமான மைக் வில்சன் என்ற துடிப்பான இளைஞர், நல்ல நீச்சல்காரர், புகைப்படக்காரர், அவருக்குக் கூட்டாளி ஆனார். 1954 டிசம்பரில் கிளார்க் ஆஸ்திரேலியாவின் பெரும் பவளத்திட்டுக்குக் கப்பல் ஏறினார். 2,000 கிலோமீட்டருக்கும் மேல் நீண்டு கிடக்கும் பவளப்பாறைத் தொடர் அது. அந்தப் பயணத்தைப் பற்றி அவர் எழுதிய 'தி கோஸ்ட் ஆஃப் கோரல்' 1956-ல் வந்தது. பவளக் கரை என்று பொருள். கடல் பற்றிய அவருடைய முதல் புத்தகம் அதுதான்.

ஒரு பகல் நிறுத்தம், ஓர் ஆயுள் வாசம்

ஆஸ்திரேலியா போகும் வழியில் கப்பல் கொழும்புத் துறைமுகத்தில் ஒரு பகல் நின்றது. இறங்கி ஊரைச் சுற்றிப் பார்த்த கிளார்க், ரொட்னி ஜோன்கிளாஸ் என்பவரைச் சந்தித்தார். இலங்கைக் கடலின் மீன்களையும் பவளப்பாறைகளையும் உள்ளங்கைபோல் அறிந்தவர் அவர். தீவைச் சுற்றிலும் பவளப்பாறைகள், வெதுவெதுப்பான நீர், மூழ்கிக் கிடக்கும் பழைய கப்பல்கள் என்று அவர் சொன்னதெல்லாம் கிளார்க் மனத்தில் தங்கிவிட்டது.

1956-ல் வில்சனோடு இலங்கைக்கு வந்தார். சில மாதம் இருந்துவிட்டுப் போகலாம் என்று வந்தவர், பிறகு அங்கேயே வீடெடுத்துத் தங்கிவிட்டார். உயிர் பிரியும்வரை, அரை நூற்றாண்டுக்கும் மேல், இலங்கைதான் அவர் வீடு. ஓர் ஊருக்கு வேலை நிமித்தமாக வந்து, அந்த ஊர்க்காரராகவே ஆகிவிட்டவர்கள் நம் குடியிருப்பிலும் இருக்கிறார்கள் அல்லவா? அவர்களுக்கு இது நன்றாகவே புரியும்.

கோணேசர் கோயிலின் கற்கள்

இனி வருவது நமக்கு மிகவும் நெருக்கமான பகுதி.

திருகோணமலையில் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு செங்குத்தான பாறை உண்டு. சுவாமி மலை என்பார்கள். அதன் மேல் இருந்த கோணேசர் கோயில் 7-ஆம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் பதிகம் பெற்ற தலம். 13-ஆம் நூற்றாண்டில் பாண்டியர் படை அங்கே போய்த் தன் இரட்டை மீன் சின்னத்தைப் பொறித்தது. பாண்டிய நாட்டு மண்ணில் வசிக்கும் நாம் அறிந்திருக்க வேண்டிய செய்தி இது.

1620களில் போர்ச்சுக்கீசியர் அந்தக் கோயிலை இடித்தார்கள். கற்களில் ஒரு பகுதியை எடுத்துக் கோட்டை கட்டினார்கள். இன்றும் அந்தக் கோட்டை வாசலில் மீன் செதுக்கிய கற்களைப் பார்க்கலாம். மீதி கற்கள் பாறையிலிருந்து கடலில் உருண்டன. கோயில் இல்லாமல் போன பிறகும் அடியார்கள் விடவில்லை. பாறை உச்சியில் நின்று கடலை நோக்கியே பூசை செய்து, படையலைக் கடலில் இட்டு வந்தார்கள். கடலுக்குள் கோயில் இருக்கிறது என்பது அந்த ஊர்க்காரர்களுக்கு வழிவழியாகத் தெரிந்ததுதான். ஆனால் இறங்கிப் பார்க்க வழி இல்லை.

1956-ல் கிளார்க்கும் வில்சனும் மூச்சுக் கருவியோடு அந்தப் பாறையின் அடிவாரத்தில் இறங்கினார்கள். பாசியும் சிப்பியும் படர்ந்த பெரும் பாறைகளுக்கு நடுவே, இயற்கை செய்திருக்க முடியாத வடிவங்கள் தெரிந்தன. சதுரமாக வெட்டிய கற்கள். தூண் துண்டுகள். உளி பட்ட அலங்காரங்கள். முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் அலை அடித்தும் அழியாமல் கிடந்தவை. வில்சன் அவற்றைப் படம் பிடித்தார். கிளார்க் 1957-ல் வெளிவந்த 'தி ரீஃப்ஸ் ஆஃப் டாப்ரபேன்' என்ற புத்தகத்தில் அந்த அனுபவத்தை விரிவாக எழுதினார். டாப்ரபேன் என்பது கிரேக்கர்கள் இலங்கையைக் குறித்த பெயர்.

அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன், 1950-ல், கோயில் இருந்த இடத்துக்குச் சற்றுத் தள்ளிக் கிணறு தோண்டும்போது சோமாஸ்கந்தர், பார்வதி, சந்திரசேகரர் முதலிய பழமையான உலோகத் திருமேனிகள் மண்ணுக்குள்ளிருந்து கிடைத்திருந்தன. இடிப்புக்கு அஞ்சி யாரோ புதைத்துக் காத்தவை. மண் ஒரு பங்கைத் திருப்பிக் கொடுத்தது, கடல் இன்னொரு பங்கைக் காட்டிக் கொடுத்தது. 1963 மார்ச்சில், மீண்டும் கட்டிய கோயிலில் குடமுழுக்கு நடந்தது. கடலடியிலிருந்து வில்சன் எடுத்து வந்த லிங்கம் கோயிலுக்கு வந்து சேர்ந்ததாகவும் சொல்வார்கள்.

கிளார்க் எந்த மதத்தையும் பின்பற்றாதவர். தொல்லியல் அறிஞரும் அல்லர். ஆனாலும் பிறர் தெய்வமாகப் போற்றும் ஒன்றின் மேல் நீந்துகிறோம் என்ற உணர்வோடு பார்த்து எழுதினார். கூட வந்த வில்சனின் கதை இன்னும் வியப்பானது. பின்னாளில் அவர் திரைப்படம், வியாபாரம் எல்லாவற்றையும் துறந்து, காவி உடுத்தி, சுவாமி சிவ கல்கி என்ற பெயரில் முருக பக்தராக வாழ்ந்து இலங்கையிலேயே மறைந்தார்.

இராவணன் கோட்டையில் வெள்ளிக் காசு

இலங்கையின் தென்கிழக்குக் கரைக்கு அப்பால் கடலுக்குள் ஒரு பாறைத் தொடர் உண்டு. ஆங்கிலேயர் அதைக் கிரேட் பாசஸ் என்றார்கள். சிங்கள மக்களோ அதை இராவணனின் பெரிய கோட்டை என்று அழைக்கிறார்கள். அங்கே 1873 முதல் ஒரு கலங்கரை விளக்கம் நிற்கிறது. அலை ஓயாத இடம். ஆண்டில் சில வாரங்கள்தான் கடல் இறங்க இடம் கொடுக்கும்.

1961 மார்ச்சில் வில்சன், இரண்டு அமெரிக்கச் சிறுவர்களோடு அங்கே படம் எடுக்கப் போனபோது, கடலடியில் சிறு வெண்கலப் பீரங்கியும் வெள்ளிக் காசுகளும் கண்ணில் பட்டன. மூட்டை மூட்டையாகக் கட்டி அனுப்பிய காசுகள் அவை. பை எப்போதோ மக்கிப்போயிருந்தது. காசுகள் மட்டும் பையின் வடிவம் மாறாமல் ஒரே கட்டியாக இறுகிக் கிடந்தன. எல்லாம் ஔரங்கசீப் காலத்தில், 1702-ஐ ஒட்டி, சூரத் நாணயச் சாலையில் அச்சடித்த ரூபாய்கள். சூரத்திலிருந்து வணிகத்துக்குப் புறப்பட்ட ஏதோ ஒரு கப்பல் இந்தப் பாறையில் மோதி, ஆட்களோடும் பணத்தோடும் மூழ்கியிருக்கிறது.

இந்தக் கதையை கிளார்க் 1964-ல் 'தி டிரஷர் ஆஃப் தி கிரேட் ரீஃப்' என்ற புத்தகமாக எழுதினார். புதையல் என்றவுடன் வாய் பிளக்கவைக்கும் புத்தகமாக எழுதியிருக்கலாம். ஆனால் படகு கிடைக்காத அலைச்சல், கெட்டுப்போன இயந்திரம், தோற்றுத் திரும்பிய நாட்கள் எல்லாவற்றையும் அதில் சேர்த்தார். அடுத்த முறை, 1963-ல், பீட்டர் த்ரோக்மார்ட்டன் என்ற கடலடித் தொல்லியலாளரை அழைத்து வந்து முறையாக ஆராயச் செய்தார்கள்.

படுக்கையில் விழுந்த ஆண்டு

ஆனால் 1961-க்கும் 1963-க்கும் நடுவே கிளார்க்கின் வாழ்க்கையே புரண்டுபோயிருந்தது.

1962-ல் கொழும்பில் ஒருநாள் ஒரு கடை வாசலின் நிலையில் தலை இடித்துக்கொண்டார். சிறு அடிதான். ஆனால் சில மணி நேரத்தில் உடல் செயலிழந்தது. முதலில் முதுகுத்தண்டில் அடி என்று நினைத்தார்கள். பிறகுதான் அது இளம்பிள்ளை வாதம், அதாவது போலியோ, என்று முடிவுக்கு வந்தார்கள். அப்போது அவருக்கு 44 வயது. கை கால் அசையாமல் மாதக் கணக்கில் கிடந்தார். தேறி எழுந்தபோதும் பழைய வலு திரும்பவில்லை. கடலடியில் நீந்தும் ஒருவருக்கு இது எப்படிப்பட்ட இடி என்று எண்ணிப் பாருங்கள்.

அடுத்த ஆண்டு, 1963-ல், அவருடைய 'டால்ஃபின் ஐலண்ட்' என்ற சிறுவர் நாவல் வெளிவந்தது. பெரும் பவளத்திட்டில் ஒரு தீவு, அங்கே டால்ஃபின்களோடு பழகும் ஒரு சிறுவன். தமக்குக் கைவிட்டுப் போய்விட்டதோ என்று அஞ்சிய கடலில் ஒரு சிறுவனை நீந்தவிட்டிருக்கிறார் என்றே அதைப் படிக்கும்போது தோன்றும்.

ஆனால் கடல் அவரைக் கைவிடவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகத் தேறி மறுபடியும் தண்ணீரில் இறங்கினார். தரையில் ஒரு படி ஏறத் தடுமாறிய உடம்பு, தண்ணீருக்குள் போனதும் எடை இழந்தது. கால் தாங்க வேண்டிய பாரத்தைக் கடல் தாங்கிக்கொண்டது. எந்த எடையின்மையைத் தேடி இளமையில் கடலுக்கு வந்தாரோ, அதுவே நோய்க்குப் பிறகு அவருக்கு மருந்தாயிற்று. 1980களில் போலியோவின் பின்விளைவு மீண்டும் தாக்கி, படிப்படியாகச் சக்கர நாற்காலிக்கு வந்தார். தரையில் நடமாட்டம் குறைந்த பிறகும் கடலுக்குள் இறங்கும் ஆசையை அவர் விடவில்லை.

நம் குடியிருப்பிலும் மூட்டு வலியாலோ அறுவை சிகிச்சையாலோ கீழே இறங்கி வருவதையே நிறுத்திவிட்ட பெரியவர்கள் இருக்கிறார்கள். இந்த இதழை அவர்கள் செல்போனில்தான் படிப்பார்கள். கிளார்க் வாழ்க்கையை எழுதத் தோன்றியதற்கு அவர்களும் ஒரு காரணம்.

கடலும் விண்ணும் கலந்த எழுத்து

கடலடியைப் பற்றிச் சொல்வது எளிதல்ல. சில மீட்டர் இறங்கினாலே சிவப்பு நிறம் மறைந்துவிடும். கண்ணாடி முகமூடிக்குள் எல்லாம் பெரிதாகவும் பக்கத்திலும் தெரியும். கிளார்க் இவற்றைப் பள்ளிப் பிள்ளைக்கும் புரியும்படி எழுதினார். பயந்த இடத்தில் பயந்தேன் என்று எழுதினார். தம்மைவிட வில்சனும் ஜோன்கிளாசும் நல்ல நீச்சல்காரர்கள் என்பதையும் மறைக்கவில்லை.

1957-ல் வந்த 'தி டீப் ரேஞ்ச்' நாவலில், கடலை வயல்போல் பயன்படுத்தும் எதிர்கால உலகைக் கற்பனை செய்தார். அங்கே திமிங்கலங்களை மாட்டு மந்தைபோல் மேய்க்கிறார்கள். கதாநாயகன் விண்வெளியில் பணியாற்றியவன். அங்கே நேர்ந்த விபத்தால் மனம் உடைந்து, இனி விண்வெளிக்குப் போக முடியாது என்ற நிலையில் கடலுக்கு வந்து புது வாழ்வு தொடங்குகிறான். உயிர்களைக் கொன்று உண்பது சரிதானா என்ற கேள்வியை, இலங்கையின் பௌத்தத் துறவி ஒருவர் அந்தக் கதையில் எழுப்புகிறார். இலங்கையில் வாழத் தொடங்கியதன் தாக்கம் அதில் நன்றாகவே தெரிகிறது.

1968-ல் இயக்குநர் ஸ்டான்லி கூப்ரிக்கோடு சேர்ந்து உருவாக்கிய '2001: எ ஸ்பேஸ் ஒடிஸி' அவரை உலகப் புகழ் பெற வைத்தது. அந்தப் படத்தில் விண்வெளி வீரர்கள் கலத்துக்கு வெளியே மெல்ல மிதப்பதைப் பார்க்கும்போது, கடலில் பத்தாண்டுக்கும் மேல் மிதந்த ஒருவர் அதன் கதையில் பங்கெடுத்தவர் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். 1979-ல் வந்த 'தி ஃபவுண்டன்ஸ் ஆஃப் பாரடைஸ்' நாவலில், சிகிரியாவையும் சிவனொளிபாத மலையையும் நினைவூட்டும் ஒரு தீவிலிருந்து விண்ணுக்கு மின்தூக்கி கட்டுகிறார்கள். லிஃப்ட் வேலை செய்யாத நாளில் நாம் படும் பாட்டை நினைத்தால், 36,000 கிலோமீட்டர் லிஃப்ட்டுக்கு எவ்வளவு பராமரிப்புக் கட்டணம் வாங்குவார்களோ!

நம் நாட்டோடும் அவருக்கு நல்ல உறவு இருந்தது. அறிவியலை மக்களிடம் கொண்டு சேர்த்ததற்காக யுனெஸ்கோவின் கலிங்கா விருதைப் பெற்றார். அது நம் பிஜு பட்நாயக் ஏற்படுத்திய விருது. 1975-ல் இந்தியா, செயற்கைக்கோள் வழியாக 6 மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்களுக்குத் தொலைக்காட்சிக் கல்வி தரும் சோதனையைத் தொடங்கியபோது, நம் இஸ்ரோ பொறியாளர்கள் கொழும்பில் கிளார்க்கின் வீட்டுக்கே போய் ஒரு பெரிய டிஷ் ஆன்டெனாவை நிறுவிக் கொடுத்தார்கள். முப்பது ஆண்டுகளுக்கு முன் தாளில் எழுதிய கணக்கு தம் வீட்டு மாடியில் படமாக ஓடுவதை அவர் பார்த்தார். அதற்குச் சில ஆண்டுகளுக்குப் பின், ரூபவாஹினி பார்ப்பதற்காக நம் தென்மாவட்டங்களில் வீட்டுக்கு வீடு நெடிய கம்பத்தில் ஆன்டெனா கட்டியது உங்களில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும்.

எழுதி வைத்தும் மறந்துபோன அலை

இந்தக் கட்டுரையை முடிக்குமுன் ஒரு செய்தி.

'தி ரீஃப்ஸ் ஆஃப் டாப்ரபேன்' புத்தகத்தில், காலித் துறைமுகத்தைப் பற்றி எழுதும்போது கிளார்க் ஒரு பழைய நிகழ்ச்சியைக் குறிப்பிட்டிருந்தார். 1883 ஆகஸ்டில் இந்தோனேசியாவின் கிரகட்டோவா எரிமலை வெடித்தபோது, அதன் அலை இந்தியப் பெருங்கடலைக் கடந்து காலி வரை வந்து சேர்ந்தது. இது 1957-லேயே அச்சில் வந்த தகவல். அரை நூற்றாண்டுக்குப் பிறகு, 2004 டிசம்பர் 26 அன்று, அதே திசையிலிருந்து ஆழிப்பேரலை வந்தது. இலங்கையில் 30,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நம் கடலோரத்திலும் நாகப்பட்டினம் முதல் குளச்சல் வரை எத்தனை குடும்பங்கள் அழிந்தன என்பது நமக்குத் தெரியும். ஹிக்கடுவையில் கிளார்க் நடத்திவந்த நீர்மூழ்கிப் பயிற்சிப் பள்ளியும் அலையோடு போயிற்று.

தாம் முன்பே எழுதியிருந்ததை அவர் அப்போது நினைவுகூர்ந்தார். ஒருமுறை நடந்தது மறுபடியும் நடக்கும் என்பதைப் புத்தகங்கள் சொல்லிக்கொண்டேதான் இருக்கின்றன. எடுத்துப் படித்து, உரிய காலத்தில் ஊருக்குச் சொல்ல ஆள் வேண்டும். ஆறு, குளம், ஓடை என்று நம் ஊரிலும் தண்ணீர் எந்த வழியாக வரும் என்பதைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். அதை எழுதி வைப்பதும், எழுதியதைப் படிப்பதும் நம் பொறுப்பு.

2007 டிசம்பரில், தம் 90-ஆவது பிறந்த நாளில், சக்கர நாற்காலியில் இருந்தபடி நண்பர்களுக்கு விடைகொடுப்பதுபோல் ஒரு செய்தி அனுப்பினார். அதில் மூன்று ஆசைகளைச் சொன்னார். பூமிக்கு வெளியே உயிர் இருப்பதற்கு ஓர் அடையாளம் கிடைக்க வேண்டும். எண்ணெயையே நம்பியிராத தூய எரிசக்திக்கு உலகம் மாற வேண்டும். மூன்றாவது, தமக்கு வீடு தந்த இலங்கையில் நிலையான அமைதி வர வேண்டும். மூன்றையும் பார்க்காமலே 2008 மார்ச் 19 அன்று கொழும்பில் காலமானார். பொரளைக் கல்லறைத் தோட்டத்தில் அவரை அடக்கம் செய்தார்கள்.

விண்வெளிக்கு அவர் கடைசிவரை போகவே இல்லை. அதற்காக முகம் வாடி உட்கார்ந்திருக்கவும் இல்லை. பக்கத்தில் இருந்த கடலில் இறங்கினார், அங்கே ஒரு கோயிலையும் ஒரு கப்பலையும் தம் உடம்புக்கு ஓர் ஆறுதலையும் கண்டார், கண்டதை எழுதி நமக்குக் கொடுத்துவிட்டுப் போனார்.

உங்கள் வீட்டுப் பிள்ளைகளை இந்த விடுமுறையில் தூத்துக்குடிப் பக்கம் அழைத்துப்போனால், கடற்கரையில் நின்று சுண்டல் வாங்கிக் கொடுப்பதோடு நிறுத்தாமல், இந்தத் தண்ணீருக்கு அடியில் என்னவெல்லாம் இருக்கும் என்று அவர்களிடமே கேட்டுப் பாருங்கள். திரும்பி வந்ததும் மொட்டை மாடிக்கு அழைத்துப்போய் நம் டிஷ் ஆன்டெனாவைக் காட்டி, இரண்டையும் ஒரே மனிதர் யோசித்தார் என்று சொல்லுங்கள். அவர்கள் என்ன கேட்டார்கள் என்பதை நமக்கு எழுதி அனுப்புங்கள். அடுத்த காலாண்டிதழில் சேர்த்துக்கொள்வோம்.